வெள்ளைக் கோட்டுக்காரர்களின் ராத்திரிப் பள்ளிக்கூடம்

சத்தம் போடாமல் வாருங்கள், உள்ளே வகுப்பு நடக்கிறது! கோவை மருத்துவக் கல்லூரி விடுதி, பீளமேடு பிஎஸ்ஜி விடுதி, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி விடுதி என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் காட்சி ஒன்றுதான். டூட்டி முடித்து வந்த பிஜி, அதாவது முதுநிலை டாக்டர் லேப்டாப்பைத் தலையணைமேல் சாய்த்து வைத்திருக்கிறார். காதில் இயர்போன், கையில் பரோட்டா பார்சல். திரையில் ஒரு விஞ்ஞானி, அவசரமே இல்லாமல், ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். நம்மாள் வீடியோ வேகத்தை ஒன்றரை மடங்கு கூட்டுகிறார். பகலெல்லாம் நமக்குச் சீட்டு எழுதித் தருகிறவர் ராத்திரியில் மாணவர்! இதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

பாடம் வருவது சென்னை அயப்பாக்கத்திலிருந்து. அங்குள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ‘பேசிக் கோர்ஸ் இன் பயோமெடிக்கல் ரிசர்ச்’. விடுதிப் பேச்சில் சுருக்கமாக பிசிபிஆர். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாட மேடையில் இது ஓடுகிறது. 2019-20இல் சேர்ந்த பிஜி மாணவர்கள் தொடங்கி யாரும் இதற்குத் தப்ப முடியாது. தோல் டாக்டரோ, எலும்பு டாக்டரோ, மயக்க மருந்து டாக்டரோ, எல்லாரும் உட்கார்ந்தே ஆக வேண்டும். நோயின் பரவலை அளப்பது எப்படி, எத்தனை பேரைச் சேர்த்தால் ஆய்வு செல்லும், தரவை எப்படிக் காப்பது, நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது எப்படி என்று அடுக்கடுக்காகப் பாடங்கள். ஆன்லைனில் கேள்வி பதில் ஒரு பக்கம், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு மறுபக்கம். இரண்டிலும் தேற வேண்டும். ரவுண்ட்ஸ் நடுவில் துறைத் தலைவர் "பிசிபிஆர் முடிச்சாச்சா கண்ணு?" என்று கேட்டால் பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள்.

"ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தானுங்க இதெல்லாம், கிளினிக் வைக்கப் போற எனக்கு எதுக்கு?" என்கிற முனகலும் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஆயுசுக்கும் ஓர் ஆய்வுகூடச் செய்யாத டாக்டரும், யாரோ செய்த ஆய்வை நம்பித்தானே மருந்து எழுதுகிறார்? மெடிக்கல் ரெப் பளபளக்கும் தாளை நீட்டி, "இதைப் போட்டா ஆபத்து 50 சதவீதம் குறையுது டாக்டர்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடம் படிக்காதவர் அசந்துபோவார். படித்தவர் கேட்பார்: எத்தனையிலிருந்து எத்தனை ஆச்சுங்க? ஆயிரம் பேரில் 2 பேருக்கு வந்த நோய் 1 ஆனாலும் அது 50 சதவீதம்தான். அந்த ஒருவருக்காக ஆயிரம் பேர் காசு கொடுத்து மாத்திரை விழுங்க வேண்டும், பக்கவிளைவுகளையும் சேர்த்து! இந்தக் கேள்வியைக் கேட்கிற பழக்கத்துக்குத்தான் சான்று அடிப்படையிலான மருத்துவம் என்று பேர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயாட் 1991இல் வைத்த பேர் அது.

பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கேள்வியை அமைப்பது. ஒரு விவசாயி கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறார். "சோளத்தட்டு அறுக்கையில கண்ணுல குத்திருச்சுங்க." கருவிழியில் பூஞ்சைப் புண். டாக்டர் மனசுக்குள் இதை நாலு துண்டாக நறுக்க வேண்டும். யாருக்கு? எந்த மருந்து? எதோடு ஒப்பிட்டு? என்ன பலன் வேண்டும்? இதற்கு பைகோ என்று செல்லப் பேர். பூஞ்சைப் புண் வந்தவருக்குப் புது மருந்தான வோரிகோனசோல் சொட்டு, பழைய நாட்டாமைசின் சொட்டைவிட, மூன்று மாதம் கழித்து நல்ல பார்வை தருமா?

நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளுங்கள், இதற்குப் பதில் கிடைத்ததே நம்மூரில்தான்! 2010இல் தொடங்கி அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, புதுச்சேரி, கோவைக் கிளைகளில் 323 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எந்தச் சொட்டு யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. எல்லாரும் புதுசு ஜெயிக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் இல்லையா? ஜெயித்தது பழசு. நாட்டாமைசின் போட்டவர்களுக்குப் பார்வை மேலாக இருந்தது. வோரிகோனசோல் பக்கம் கருவிழியில் ஓட்டை விழுவது கூடுதல். ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் இன்னும் பெரிசு. 2013இல் முடிவு அச்சேறியது. கோவை அவிநாசி ரோட்டிலும் விளைந்த சான்றை அமெரிக்க டாக்டர்களும் படிக்கிறார்கள்.

பெருந்துறையிலும் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. கல்லூரி நிற்கும் இடத்துக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பேர். காசநோயாளிகளை வீட்டைவிட்டுப் பிரித்து, காற்றாட வைத்து, நல்ல சாப்பாடு போட்டுப் பார்த்த இடம். அந்தக் காலத்தில் அதுதான் சரி என்று உலகமே நம்பியது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை அவர்களின் நெருக்கடியான வீடுகளுக்கும் அனுப்பியது. இரு பக்கமும் ஒரே மாத்திரைகள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் நிறைய, வீட்டில் இரண்டும் குறைவு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமே இல்லை! வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. 1959இல் அறிக்கை வந்தது; அதன்பின் உலகெங்கும் சானடோரியங்களுக்கு வேலை குறைந்தது. அந்தப் பேரைத் தாங்கி நிற்கும் ஊரில் உட்கார்ந்து இன்றைய பிள்ளைகள் ஆய்வு முறைகளைப் படிக்கிறார்கள்.

சரி, திரையில் பார்த்தால் மட்டும் டாக்டர் தேறிவிடுவாரா? இந்தக் கேள்வியையும் ஆய்வுக்கே அனுப்பிவிட்டார்கள் சிலர்! 2009, 2010இல் இந்தியா உட்பட 7 நாடுகளின் 60 பயிற்சி மருத்துவமனைகளையே குலுக்கிப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு வார்டு வேலையோடு பின்னிய, வழிகாட்டி கூடவே இருக்கும், சான்று அடிப்படையிலான மருத்துவம் பற்றிய இணையப் பாடம். மறு பிரிவினர் தாங்களாகவே படித்துக்கொள்ள வேண்டும். மகப்பேறு மருத்துவம் பயில்கிறவர்கள்தான் மாணவர்கள். 2012இல் வந்த முடிவுப்படி முதல் பிரிவினருக்கு அறிவிலும் திறனிலும் மதிப்பெண் கூடுதல்.

ஆகவே ஒன்றரை மடங்கு வேகத்துக்காரர்கள் கவனிக்க! சான்றிதழ் வாங்க அது போதும். ஆனால் மறுநாள் காலை ரவுண்ட்ஸில், கட்டில் பக்கத்தில் நின்று, "இந்த மருந்துக்கு என்ன ஆதாரம், சொல்லு பாப்போம்" என்று கேட்கிற பேராசிரியர் இல்லையென்றால் வீடியோ வீடியோவாகவே நின்றுவிடும். கல்லூரிகள் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கித் தர வேண்டும்.

உங்களுக்கும் வேடிக்கை பார்க்க ஆசையா? அதே நிறுவனத்தின் ‘ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்’ பாடமும் என்பிடெல்லில் இருக்கிறது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும் பணம் கட்ட வேண்டும்.