காபூல் வரை ஒரு குட்டிக் கார்

லண்டனிலிருந்து 1972-ல் புறப்பட்ட ஒரு இளம் தம்பதி மலைகளைக் கடந்து ஆசியாவுக்கு வந்தார்கள். அவர்கள் எழுதிய கையேடு உலகப் புகழ் பெற்றது. வந்த பாதைதான் அடைபட்டுவிட்டது.

வண்டியின் விலை 65 பவுண்டு. பழைய ஆஸ்டின் மினி வேன், 848 சி.சி. எஞ்சின், 10 அங்குலச் சக்கரம். ஊருக்குள் காய்கறி ஏற்றிப் போகலாமே தவிர, கண்டம் தாண்டத் தகுந்த வாகனம் என்று எந்த மெக்கானிக்கும் சான்றிதழ் தரமாட்டார். டோனி வீலரும் அவர் மனைவி மொரீனும் 1972 கோடையில் அதில்தான் கிளம்பினார்கள். திட்டம் எளிமையானது. வண்டி ஓடும்வரை ஓட்டுவது, பிறகு அதை விற்றுவிட்டு முதுகில் மூட்டையைக் கட்டிக்கொள்வது.

டோனி பொறியியல் படித்தவர். லண்டன் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. முடித்த அவருக்கு ஃபோர்டு நிறுவனத்தில் வேலை காத்திருந்தது. பெல்ஃபாஸ்ட் பெண்ணான மொரீனை 1970-ல் லண்டன் பூங்கா ஒன்றின் பெஞ்சில் சந்தித்தார்; மறு ஆண்டே கல்யாணம். ஒரு வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்து வேலையில் உட்காரலாம் என்பது இருவரின் எண்ணம்.

பாதை அவர்கள் கண்டுபிடித்ததல்ல. இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், பெஷாவர், தில்லி, காட்மாண்டு என்று நீண்ட அந்த வழியில் அறுபதுகளிலிருந்தே நீள்முடி இளைஞர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் வந்துகொண்டிருந்தார்கள். ஹிப்பி பாதை என்றே அதற்குப் பெயர்.

குட்டிக் கார்கூட ஆப்கானிஸ்தானைக் கடக்க முடிந்ததற்கு வல்லரசுகளின் போட்டியும் ஒரு காரணம். ஹெராத்துக்கும் காபூலுக்கும் நடுவே மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது, நேர்வழி கரடுமுரடு. அதனால் பிரதான சாலை தெற்கே கந்தஹார் வழியாக 1,000 கி.மீ.க்கு மேல் சுற்றிப் போகிறது. இதில் ஹெராத் - கந்தஹார் பகுதியை சோவியத் யூனியன் கான்கிரீட்டில் போட்டது. கந்தஹார் - காபூல் பகுதிக்கு அமெரிக்கா தார் ஊற்றியது. பனிப்போரில் எதிரெதிராக நின்ற இருவரும் போட்ட சாலை, சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள காபூலுக்கு ஏழைப் பயணிகளையும் ஏற்றிவிட்டது.

காபூலில் வேன் கைமாறியது. வாங்கிய விலைக்கு மேல் 5 டாலர் லாபம்! பிறகு பஸ், ரயில், வழியில் போகும் வண்டியில் ஓசிப் பயணம். காபூலிலிருந்து கிழக்கே போகும் சாலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி, ஜலாலாபாத் தாண்டி, கைபர் கணவாய் வழியாகப் பெஷாவரை அடைகிறது. அதற்கப்பால் வாகா எல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டு ஓய்ந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. சாதாரண இந்தியரும் பாகிஸ்தானியரும் மீண்டும் போய்வர வழிசெய்த விசா ஒப்பந்தமே 1974 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. எங்கிருந்தோ வந்தவர்களுக்குத் திறந்த கதவு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சாத்தியிருந்தது.

தென்கிழக்கு ஆசியாவையும் கடந்து, பாலித் தீவிலிருந்து ஒரு பாய்மரப் படகில் ஆஸ்திரேலியக் கரையேறிய தம்பதி 1972 டிசம்பர் 26-ல் சிட்னியை அடைந்தபோது கையிருப்பு 27 சென்ட். பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவு? சமையலறை மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். நூறு பக்கத்துக்கும் குறைவான அந்தப் புத்தகம் 1973-ல் வெளிவந்தது. பக்கங்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்ததும் அவர்களேதான். விலை 1.80 டாலர். முதல் வாரத்தில் 1,500 பிரதிகள் விற்றன. அப்படிப் பிறந்ததுதான் 'லோன்லி பிளானெட்' பதிப்பகம். ஃபோர்டு வேலை போயே போயிற்று.

புத்தகம் வளர்ந்த வேகத்திலேயே பாதை நொறுங்கியது. 1973 ஜூலையில் ஆப்கன் மன்னர் ஜாஹிர் ஷா பதவி இழந்தார். 1978 ஏப்ரலில் ரத்தம் சிந்திய ஆட்சிக் கவிழ்ப்பு. 1979 தொடக்கத்தில் ஈரானியப் புரட்சி. அதே ஆண்டு டிசம்பரில் காபூலில் சோவியத் படைகள். கான்கிரீட் சாலையில் இப்போது டாங்கிகள் ஓடின. காபூலின் சிக்கன் ஸ்ட்ரீட்டில் ஆட்டுத்தோல் கோட்டும் கம்பளமும் வாங்க வந்த வாடிக்கையாளர்கள் மறைந்தார்கள். பயணிகள் நின்று பார்த்த பாமியான் புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

பதிப்பகமோ வேறு திசைகளில் பெருகியது. 1975-ல் தென்கிழக்கு ஆசியக் கையேடு, 1981-ல் இந்தியக் கையேடு. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரப் பயணியின் கையில் பல ஆண்டுகள் வேதம்போல் இருந்தது அதுதான். வேதத்துக்குப் பக்கவிளைவும் உண்டு. கையேட்டில் இடம்பிடித்த விடுதியில் கூட்டம் நெரியும், அடுத்த தெரு விடுதி ஈயோட்டும். நிறுவனத்தின் 75 சதவீதத்தை 2007-ல் பி.பி.சி.யின் வர்த்தகப் பிரிவு வாங்கியது. மீதி 2011-ல் போயிற்று. அதன்பின் அது அமெரிக்கக் கைகளுக்கு மாறியது.

விற்ற அதே 2007-ல் டோனி ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தானவை, பொல்லாதவை என்று உலகம் ஒதுக்கிய நாடுகளில் சுற்றிய அனுபவம் அது. பட்டியலில் ஆப்கானிஸ்தானும் உண்டு, ஈரானும் உண்டு. 35 ஆண்டுகளுக்கு முன் ஓட்டை வேனில் தம்பதி கடந்துபோன அதே நாடுகள்!

மலைகள் இடம் மாறவில்லை. கைபர் கணவாயும் அங்கேயேதான் இருக்கிறது. மாறியவை காவல் சாவடிகள். அமிர்தசரஸிலிருந்து லாகூர் சுமார் 50 கி.மீ. தூரம்தான், ஆனாலும் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் அட்டாரி சாவடியை இந்தியா மூடியது. கையேடு எத்தனை பக்கம் எழுதினாலும், சாலையின் நீளத்தைத் தீர்மானிப்பவர்கள் அதில் பயணம் செய்பவர்கள் அல்லர்.