நீர்மானி காக்கும் ஊர்

கலிபோர்ணியா மாநிலத்தின் பசிபிக் கரையோரத்தில், சன் பிரான்சிஸ்கோ மாநகருக்கு வடமேற்கே, வீதி வழியாக ஏறத்தாழ 30 மைல் தொலைவிற் பொலீனாஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கரையோரப் பெருநெடுஞ்சாலை அதன் அருகாற் செல்கின்றதாயினும், புதிதாக வரும் பிரயாணி ஊருக்குத் திரும்பும் வழியை எளிதிற் கண்டுகொள்ளமாட்டான். வழிகாட்டும் பலகை அங்கே இல்லை. மாநில வீதித் திணைக்களத்தார் பலகை நாட்டிய போதெல்லாம் ஊரவர் சிலர் அதனைப் பிடுங்கிக் கொண்டுபோய் மறைத்தனர். ஈற்றில் 1989ஆம் ஆண்டு இவ்விடயம் ஊராரின் வாக்குக்கு விடப்பட்டது. பலகை வேண்டாம் என்பதே பெரும்பான்மையோர் தீர்ப்பாயிற்று.

கேட்போர்க்கு இது குறும்பாகத் தோன்றலாம். ஆயின், அவ்வூரின் ஆட்சி முறையையும் அண்மைக்கால வரலாற்றையும் அறிந்தவர்க்கு இதன் பின்னாலுள்ள அச்சம் விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் மக்கள் கூடிவாழும் ஊர் ஒவ்வொன்றும் சட்டப்படி அமைந்த நகரமன்று. ஊரவர் கூடி, மாநிலச் சட்டத்தின்படி நகரமாகப் பதிவு செய்துகொண்டால் மாத்திரமே அதற்கு ஒரு நகர சபையும் நகரபிதாவும் உண்டாகும். அவ்வாறு பதிவு செய்யாத ஊர்கள் பல்லாயிரம். அவற்றின் வீதிகள், காவல், கட்டிட அனுமதி முதலிய யாவும் கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் ஆட்சிக்குட்பட்டவை. பொலீனாஸ் இத்தகையதோர் ஊர். மரீன் கவுண்டியின் மேற்பார்வைச் சபையே அதனை ஆள்கின்றது. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 1,483 பேர். 250,000க்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட கவுண்டியில் இச்சிறு தொகையினரின் குரல் தனித்து ஒலிப்பது அரிது.

ஊரின் கிழக்கெல்லையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்புள்ள கடனீரேரியொன்று கிடக்கின்றது. 1906ஆம் ஆண்டு சன் பிரான்சிஸ்கோவை அழித்த பூகம்பத்துக்குக் காரணமான சன் அந்திரேயாஸ் நிலப்பிளவு இவ்வேரியினூடே செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வளர்ந்துவந்த அம்மாநகருக்கு வேண்டிய மரங்கள் அருகிலுள்ள மலைகளில் வெட்டப்பட்டு, இவ்வேரி வழியாகக் கப்பலேற்றப்பட்டன. மரமிழந்த மலைச்சரிவுகளின் மண் மழையில் அரிக்கப்பட்டு வந்து ஏரியைத் தூர்த்தது. எனினும் நாரைகளும் கொக்குகளும் கடல்நாய்களும் அதனை விட்டகலவில்லை. 1998ஆம் ஆண்டு இக்கடனீரேரி றாம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஊரை அடுத்த மேட்டுநிலம் 1920களிற் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. மாநகரப் பத்திரிகையொன்று, தன் சந்தாதாரரைப் பெருக்கும் நோக்குடன் 20 அடி அகலமும் 100 அடி நீளமுமுள்ள காணித்துண்டுகளை மலிவு விலைக்கு விற்றது. வாங்கியோர் பலர் வீடு கட்டவில்லை. ஆனால் உரிமை மாத்திரம் நிலைத்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒருநாள் வீடெழும்பக்கூடும் என்னும் நிலைமை அன்றே உருவாயிற்று. 1960களில் மேற்கு மரீன் பகுதிக்கு அகன்ற நெடுஞ்சாலை அமைப்பதற்கும், கடனீரேரியில் உல்லாசப் படகுத்துறை கட்டுவதற்கும் திட்டங்கள் தீட்டப்பட்டன. இவை நிறைவேறியிருப்பின் பொலீனாஸ் மாநகரின் புறநகராகவே மாறியிருக்கும்.

திருப்பம் 1971ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் நேர்ந்தது. தங்கவாயிற் பாலத்தின் அருகே இரு எண்ணெய்க் கப்பல்கள் மூடுபனியில் ஒன்றோடொன்று மோதின. ஏறத்தாழ 800,000 கலன் எண்ணெய் கடலிற் கலந்தது. இளைஞர் பலர் பொலீனாஸுக்கு விரைந்து வந்து, ஊரவரோடு சேர்ந்து கடனீரேரியின் வாயிலில் மிதப்புத்தடை அமைத்து எண்ணெய் உட்புகாது காத்தனர். எண்ணெயில் தோய்ந்த பறவைகளைக் கழுவினர். வந்தவருட் சிலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

தாம் காத்த ஏரியைத் தொடர்ந்து காப்பது எவ்வாறு என்னும் வினா அவர்கள்முன் எழுந்தது. ஊருக்கு நகர சபை இல்லை. நிலப்பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் ஊரவர் தாமே தெரிவு செய்யும் சபை ஒன்று இருந்தது. குடிநீரையும் கழிவுநீரையும் பராமரிக்கும் பொதுப் பயன்பாட்டுச் சபையே அது. சிறியதெனக் கருதப்பட்ட அச்சபையின் ஆசனங்களை வளர்ச்சியை எதிர்ப்போர் தேர்தலிற் கைப்பற்றினர். பெருந்தொகையான வீடுகளை எதிர்நோக்கிய கழிவுநீர்த் திட்டம் கைவிடப்பட்டது. ஊரின் அளவுக்கேற்ற சுத்திகரிப்புக் குளங்கள் பின்னர் அமைக்கப்பட்டன. 1971 நவம்பரில் அச்சபை இன்னுமொரு தீர்மானத்தை நிறைவேற்றியது. புதிதாக நீர்மானி எதுவும் வழங்கப்படமாட்டாது என்பதே அத்தீர்மானம்.

இதன் வலிமையை நோக்குதல் வேண்டும். குடிநீர் இணைப்பில்லாத காணியில் வீடு கட்ட அனுமதி பெறுதல் அரிது. ஊருக்கு நீர் தருவது அரோயோ ஹொண்டோ என்னும் சிற்றோடையும் இரு சிறு நீர்த்தேக்கங்களுமே. பெருங்குழாய் வழியாக வெளியிலிருந்து நீர் வருவதில்லை. ஆகவே நீர் குறைவு என்னும் காரணம் பொய்யன்று. வளர்ச்சியைத் தடுக்கும் கருவியாக அது பயன்பட்டதும் பொய்யன்று. காணியிருந்தும் வீடு கட்ட இயலாதோர் வழக்குத் தொடுத்தனர். உண்மையில் நீர்ப்பற்றாக்குறை இருந்ததா என்பது விசாரிக்கப்பட வேண்டியதே என 1990ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. எனினும் நீர்மானித் தடை நீங்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இணைப்புகளின் தொகை அறுநூற்றை எட்டவில்லை.

ஏரி பிழைத்தது. பெருவீதி வரவில்லை. மேட்டுநிலத்தின் வீதிகள் பல இன்றும் மண்பாதைகளாகவே உள்ளன. ஆயின், ஒரு பொருளின் தொகையை நிறுத்திவைத்து அதனை விரும்புவோர் தொகை பெருகவிட்டால் விலை உயர்வது இயல்பு. 2005ஆம் ஆண்டு நீர்மானி உரிமையொன்று 310,000 டொலருக்கு விலைபோயிற்று. வீட்டின் விலையன்று, நீரளக்கும் உரிமையின் விலை மாத்திரமே இது. வீடுகள் பல செல்வரின் விடுமுறை இல்லங்களாயின. சில உல்லாசப் பிரயாணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்பட்டன. 2022ஆம் ஆண்டு மரீன் கவுண்டி இத்தகைய நாள்வாடகை வீடுகளுக்குப் புதிய அனுமதி வழங்குவதைத் தற்காலிகமாக நிறுத்திப் பின்னர் வரம்பும் விதித்தது.

துன்பம் அதிகம் அடைந்தோர் பண்ணைத் தொழிலாளரும் ஆசிரியரும் மீன்பிடிப்போரும் கடைச் சிப்பந்திகளுமேயாவர். ஊரை நாள்தோறும் இயக்குவோர் அவர்களே. ஊரில் வாடகைக்கு ஓர் அறையும் கிடையாது தவிப்போரும் அவர்களே. சக்கரம் பூட்டிய வண்டிவீடுகளிற் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் நிலையும் ஏற்பட்டது. 1980களில் ஊரவர் தொடங்கிய காணி நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம், காணிகளையும் கட்டிடங்களையும் பொதுவுடைமையாக வாங்கி, குறைந்த வாடகைக்கு வழங்கிவருகின்றது. அங்கும் முதல் வினா நீர் எங்கிருந்து வரும் என்பதே.

2010ஆம் ஆண்டு 1,620 ஆக இருந்த குடிசனத்தொகை பத்தாண்டுகளில் 137 பேராற் குறைந்துள்ளது. வெளியார் வந்து ஊரை நிறைத்துவிடுவரென அஞ்சிப் பலகையைப் பிடுங்கிய தலைமுறையின் பிள்ளைகளுட் பலர், தாம் பிறந்த ஊரில் வாழ இடமின்றி அகல்கின்றனர். கடனீரேரிக்குக் காவலாக அமைந்த அதே நீர்மானி, இன்று அவ்வூர்ப் பிள்ளைகளின் வாயிலையும் அடைத்து நிற்கின்றது. ஏரிக்குத் தீங்கு நேராமல் அவ்வாயிலை எவ்வளவு திறக்கலாம் என்பதே பொலீனாஸ் மக்கள்முன் இன்றுள்ள கேள்வி. அதற்கு விடை கூறவேண்டியவர்களும், நகர சபையில்லாத அவ்வூரில், நீர்ச்சபைக்கு வாக்களிக்கும் அச்சில நூறு பேரே.