சுட்ட இடத்தில் ஏன் தண்ணீர்?

லயத்து அறையில் கேத்தல் சரிந்து கையில் கொதிநீர் பட்டதும் பலர் பற்பசையைத் தேடுவார்கள். அது புண்ணை உறுத்துமே தவிர ஆற்றாது.

கேத்தலை அகற்றிய பிறகும் சூடு தோலின் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் அந்தச் சூடு வெளியேறும். 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் கூடாது: இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சேதத்தைக் கூட்டும். நுவரெலியாக் குளிரில் குழாய்நீரே போதும். குழந்தையென்றால் காயத்தை மட்டும் நனைத்து, உடம்பைப் போர்த்த வேண்டும்.

கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடினால், அடியில் புதுத்தோல் வளரும். உள்ளங்கையைவிடப் பெரிய காயமோ, முகத்தில் பட்டதோ வைத்தியசாலைக்கு உரியது.

சுட்டபின் ஆற்றுவதைவிடச் சுடாமல் தடுப்பது மேல்: குப்பி விளக்கு கவிழ்ந்து தீக்காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத குட்டை விளக்கை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.