உங்களுக்குத் தெரியுமா? மின்சாரக் காருக்கும் துரு பிடிக்கும்!

மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ மின்சாரக் கார்களின் பொறியியல் பணி நடந்தது செங்கல்பட்டு அருகே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில். சோதனை ஓட்டத்துக்கு அதே மாவட்டத்தின் செய்யூரில் 454 ஏக்கரில் தனித் தடமே உண்டு.

மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில் செலவில்லை. ஆனால் இதே மாவட்டத்தின் கடலோர மாமல்லபுரம் பக்கம் வேறு தொல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும். பிரேக்குக்கு வேலையே குறைவு. உரசாத பிரேக் டிஸ்க்கில் உப்புக்காற்று பட்டால் துரு ஏறும்; காலையில் முதல் பிரேக்கில் ‘கரகர’ சத்தம். (சிக்கனமாக ஓட்டுபவருக்கே இது அதிகம்!)

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வாசிகளே, பின்னால் வண்டி வராதபோது அவ்வப்போது பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். அடிப்பாகத்தையும் கழுவுங்கள், உப்பு போர்வெல் தண்ணீரில் மட்டும் வேண்டாம்.