யூரோவின் திரைக்குப் பின்னால்: 3 சதவீதம் பிறந்த கதை!

பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரசின் கடன் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வகுத்த இந்த இரண்டு எண்களும் ஐரோப்பிய நிதியமைச்சர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை. இவற்றில் 3 எங்கே பிறந்தது தெரியுமா? வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்!

முதல் கதவு, பாரிஸ், 1981. பிரெஞ்சு நிதியமைச்சகம் அப்போது லூவ்ர் அரண்மனையின் ஒரு பகுதியில் இயங்கியது. ஆமாம், மோனாலிசா இருக்கும் அதே லூவ்ர்! பணம் கேட்டு வரிசைகட்டும் அமைச்சர்களுக்கு அணைபோட எளிய விதி ஒன்று வேண்டும் என்கிறார் புதிய அதிபர் மித்தரான். வேலை, கி அபேய், ரோலான் த வில்பென் என்ற இரண்டு இளம் அதிகாரிகளின் மேசைக்கு வருகிறது. 1 சதவீதமா? எட்டவே முடியாது. 2? மூச்சுமுட்டும். 3? பேஷ்! ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை என்று அபேயே பிற்பாடு பேட்டியில் சொன்னார். அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் அதே எண் பல நாடுகளைக் கட்டும் ஒப்பந்தத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

ஏன் இந்தக் கடிவாளம்? யூரோவில் சேர்ந்த நாடு தனியாக நோட்டு அடிக்க முடியாது, நாணய மதிப்பைக் குறைத்துத் தப்பிக்கவும் முடியாது. உலை ஒன்று, பணப்பைகள் மட்டும் வேறுவேறு. ஒருவர் கடனில் மூழ்கினால் சூடு எல்லோருக்கும்தான்.

அடுத்த கதவு, பிரஸ்ஸல்ஸ், 2003 நவம்பர் 25. கட்டுப்பாடு வேண்டும் என்று 1990களில் மற்ற எல்லோரையும்விட உரக்கக் கேட்டது ஜெர்மனி. இப்போது அதுவே பிரான்ஸோடு சேர்ந்து 3ஐத் தாண்டி நிற்கிறது! நிதியமைச்சர்கள் கூடி, இரு நாடுகள்மீதான நடவடிக்கையை நிறுத்திவைக்கிறார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்கிறது. என்ன ஒரு திருப்பம்!

பெரிய அதிர்ச்சி ஏதென்ஸில் காத்திருந்தது. 2009ஆம் ஆண்டின் பற்றாக்குறை 3.7 சதவீதம் என்று வசந்தகாலத்தில் சொன்ன கிரீஸ், தேர்தல் முடிந்த அக்டோபரில் 12க்கும் மேல் என்றது. கடைசிக் கணக்கில் அது 15ஐயும் தாண்டியது. எண் பொய்யானால் விதி என்ன செய்யும்?

அதனால்தான் எனக்கு மிகவும் பிடித்த கதவு லக்சம்பர்கில் இருக்கிறது. அங்குள்ள ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் அதிகாரிகளுக்கு 2010இல் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. சந்தேகம் வந்தால் நேரில் போய் ஒரு நாட்டின் கணக்கைத் தோண்டிப் பார்க்கலாம்! 2013 முதல் யூரோ நாடுகள் தங்கள் பட்ஜெட் வரைவை அக்டோபர் 15க்குள் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்புகின்றன. 2018இல் இத்தாலியின் வரைவை ஐரோப்பிய ஆணையம் திருப்பியே அனுப்பியது. அதுவரை அப்படி நடந்ததே இல்லை. 2.4 சதவீதப் பற்றாக்குறையில் பிடிவாதமாக நின்ற ரோம், டிசம்பரில் 2.04க்கு இறங்கியது.

அபராதம்? 2016இல் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் விதிக்கப்படும் நிலை வந்து, கடைசியில் பூஜ்யமாக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின் பலம் தண்டனையில் இல்லை. 3 என்பது ஒரு மணி நேர உத்தேசம்தான். 2யோ 4ஓ ஆகியிருக்கலாம். ஆனால் தன் வரவுசெலவை அண்டை நாடுகள் முன்னால் ஆண்டுதோறும் விரித்துவைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறதே ஓர் அரசு, அந்தப் பழக்கம்தான் யூரோவைத் தாங்குகிறது. நாணயத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள் உண்மையான கணக்கையும் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும்!