நடுக்கடலில் ஒரு நோயாளி

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒருவருக்கு நள்ளிரவில் வலப்பக்க அடிவயிற்றில் கடும் வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 108-க்குத் தொலைபேசியில் சொன்னால் வண்டி வந்துவிடும். சேலம் அரசு மருத்துவமனை சில கிலோமீட்டர் தொலைவுதான். குடல்வால் அழற்சி என்று தெரிந்தால் விடிவதற்குள் அறுவை முடிந்துவிடவும் கூடும். அதே வலி, வங்கக் கடலின் நடுவே செல்லும் சரக்குக் கப்பலில் ஒரு மாலுமிக்கு வந்தால் என்ன செய்வது?

அந்தக் கப்பலில் பெரும்பாலும் மருத்துவர் இருக்கமாட்டார். 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் செய்யும் கப்பலுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். 2006-இல் உருவான கடல் தொழிலாளர் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. பெரிய சரக்குக் கப்பலில் கூட இருப்பவர்கள் இருபது, இருபத்தைந்து பேரே. அவர்களில் முதலுதவியும் ஊசி போடுவதும் பயின்ற ஓர் அதிகாரி மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பாக இருப்பார். உலக சுகாதார நிறுவனம் கப்பல்களுக்கென்றே வெளியிட்ட மருத்துவக் கையேடு அவருக்குத் துணை.

கையேடு போதாதபோது மருத்துவரையே பேசவைக்க வேண்டும். அதற்கு வழி திறந்தது கம்பியில்லாத் தந்தி. 1935-இல் குயிதோ குயிதா என்ற இத்தாலிய மருத்துவர் ரோம் நகரில் ஒரு நிலையத்தை நிறுவினார். எந்த நாட்டுக் கப்பல் கேட்டாலும் கட்டணமின்றி வானொலி மூலம் மருத்துவ யோசனை சொல்வதே அதன் வேலை. அதன் முதல் தலைவர் வேறு யாருமல்லர், மார்க்கோனிதான்! அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது.

மாலுமி தமிழர், கப்பல் தலைவர் கிரேக்கர், மருத்துவர் இத்தாலியர் என்றால் எந்த மொழியில் பேசுவது? இதற்குப் பன்னாட்டுக் குறியீட்டு நூல் ஒன்று உண்டு. அதில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் எல்லாம் மருத்துவத்துக்கே ஒதுக்கப்பட்டவை. 'எம் ஏ ஏ' என்று அனுப்பினால் 'அவசர மருத்துவ யோசனை தேவை' என்று பொருள். நீலக் கரையும் வெள்ளை வளையமும் நடுவில் சிவப்புக் கட்டமும் கொண்ட 'டபிள்யூ' கொடி மருத்துவ உதவி தேவை என்பதைக் காட்டும். செயற்கைக்கோள் தொலைபேசியில் 32 என்ற எண் மருத்துவ யோசனைக்கு, 38 மருத்துவ உதவிக்கு. நோயாளியின் காய்ச்சல், நாடித்துடிப்பு, வலி எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது, வயிற்றை அழுத்தினால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். அதிகாரியின் விரல்களே மருத்துவரின் விரல்களாக வேலை செய்ய வேண்டும்.

நோயாளியைக் கரை சேர்த்தே தீர வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறுகிறது. 1979-இல் ஹாம்பர்க் நகரில் உருவான உடன்படிக்கையின்படி உலகக் கடல்கள் முழுவதும் தேடல், மீட்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவின் பங்கு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் நாட்டின் நிலப்பரப்பே ஏறத்தாழ 33 லட்சந்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! கடலோரக் காவல்படை நடத்தும் ஒருங்கிணைப்பு மையங்கள் மும்பையிலும் சென்னையிலும் போர்ட் பிளேரிலும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) உள்ளன. கடலில் ஆபத்து என்றால் கரையிலிருந்து அழைக்க வேண்டிய எண் 1554.

மையத்தில் அமர்ந்திருப்பவர் முதலில் போடுவது கணக்கு. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தை மாலுமிகள் ஒரு 'நாட்' என்பார்கள். சென்னையிலிருந்து 550 கடல் மைலில் கப்பல் இருக்கிறது, வேகம் 15 நாட். நம் ஹெலிகாப்டர் 100 கடல் மைல் வரை சென்று திரும்பும் என்று கொள்வோம். இது ஏறக்குறைய கடலூர்க் கரையிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி வரையுள்ள நேர்த் தொலைவு. ஹெலிகாப்டர் ஏன் இன்னும் தூரம் போகக்கூடாது? போகவும் வரவும் மட்டுமின்றி, கப்பலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கவும் எரிபொருள் வேண்டும். அப்படி நிற்பதற்கு, சீராக முன்னோக்கிப் பறப்பதைவிட அதிக ஆற்றல் செலவாகிறது. ஆகவே கப்பல் முதலில் 450 கடல் மைல் கரையை நோக்கி வந்தாக வேண்டும். 450-ஐ 15-ஆல் வகுத்தால் 30 மணி நேரம்!

அந்த 30 மணி நேரம் நோயாளியைத் தாங்க வைப்பது வானொலி மருத்துவர் சொல்லும் மருந்துதான். வாய்வழி உணவை நிறுத்தி, நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகளைப் போட்டு அழற்சியைத் தணித்து வைப்பார்கள். மருத்துவமும் தூரமும் இங்கே ஒரே கணக்கின் இரண்டு வரிகள். கணக்கு ஒத்துவராவிட்டால் வேறு வழி தேட வேண்டும்: அருகில் சிறு துறைமுகம் உண்டா, மருத்துவர் உள்ள பயணிக் கப்பலோ போர்க்கப்பலோ உண்டா? இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வந்தால் வேகங்கள் கூடிவிடும், நேரம் பாதியாகலாம்.

ஹெலிகாப்டர் வந்தபின் நிலைமின்சாரம் ஒரு வேடிக்கை காட்டும். சுழலும் தகடுகள் காற்றோடும் தூசியோடும் உராய்வதால் ஹெலிகாப்டரின் உடலில் மின்னூட்டம் சேர்கிறது. அது தரையைத் தொடாததால் மின்னூட்டம் இறங்க வழியில்லை. தொங்கும் கொக்கியை அவசரப்பட்டுக் கையால் பிடித்தவர் வழியாகத்தான் இறங்கும்! ஆகவே கொக்கி முதலில் கடல்நீரையோ கப்பல் தளத்தையோ தொட்ட பிறகே பிடிக்க வேண்டும். கொக்கியைக் கப்பலில் கட்டுவது அதைவிடப் பெரிய தவறு. அலையில் கப்பல் தாழ்ந்தால் ஹெலிகாப்டரையும் இழுத்துவிடும்.

எந்த ஹெலிகாப்டரும் எட்டாத இடமும் கடலில் உண்டு. 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, உலகைத் தனியாகச் சுற்றும் 'கோல்டன் குளோப்' போட்டியில் 'துரியா' என்ற பாய்மரப் படகில் தென் இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தார். புயலில் படகு புரண்டு பாய்மரம் ஒடிந்தது. அவர் முதுகெலும்பில் பலத்த அடி. எழக்கூட முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் அங்கிருந்து சுமார் 1,900 கடல் மைல். படுத்தபடியே குறுஞ்செய்திக் கருவியால் தம் நிலையைத் தெரிவித்தார்.

ஆஸ்திரேலிய மையம் மீட்பை ஒருங்கிணைத்தது. நம் அரக்கோணம் கடற்படைத் தளத்தைச் சார்ந்த பி-8ஐ வகை விமானம் ஒன்று மொரீசியஸிலிருந்து பறந்து படகைக் கண்டுபிடித்தது. ஆனால் விமானத்தால் பார்க்கத்தான் முடியும், தூக்க முடியாது. அதே புயலில் பாய்மரம் இழந்த ஓர் அயர்லாந்துப் போட்டியாளர், ஒட்டுப்போட்ட பாயுடன் டோமியை நோக்கித் தம் படகைத் திருப்பினார். கடைசியில் 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் 24-ஆம் தேதி நெருங்கியது. சிறு படகில் சென்றவர்கள் அவரைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி எடுத்து, ஆம்ஸ்டர்டாம் தீவில் சேர்த்தனர். விமானதளம் இல்லாத, ஆய்வு நிலையப் பணியாளர்கள் மட்டுமே வாழும் பிரெஞ்சுத் தீவு அது. ஆனால் ஒரு மருத்துவரும் சிறு மருத்துவமனையும் உண்டு! பின்னர் நம் போர்க்கப்பல் சாத்பூரா அங்கு சென்று, அக்டோபர் தொடக்கத்தில் அவரை விசாகப்பட்டினம் கொண்டு சேர்த்தது.

கரை கண்ணில் பட்டதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அந்நிய நாட்டுத் துறைமுகத்தில் சுகாதார அதிகாரி, குடியேற்ற அதிகாரி, கப்பல் நிறுவனத்தின் முகவர், ஆம்புலன்ஸ் ஆகிய நால்வரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒருவர் பிந்தினாலும் நோயாளி கப்பலிலேயே கிடப்பார். 2020-இல் கொரோனா பரவியபோது பல துறைமுகங்கள் மாலுமிகளை இறங்கவே விடவில்லை. பணிக்காலம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியவர்கள் ஒரு கட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர். கொரோனாவுக்குத் தொடர்பே இல்லாத நோயாளிகள்கூடக் கரை மருத்துவமனைக்குப் போக முடியாமல் தவித்தார்கள். உடனடிச் சிகிச்சை தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றி இறக்கிவிடுவது துறைமுக நாட்டின் கடமை என்று 2022-இல் கடல் தொழிலாளர் உடன்படிக்கை திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது.