பூக்க ஒரு மழை, காயவைக்க ஒரு வெயில்! - தாண்டிக்குடி காபித் தோட்டங்களின் கதை

மார்ச் மாதக் கடைசியில் கொடைக்கானல் கீழ்மலைக்காரர்களிடம் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு மழையில்தான் வந்து நிற்கும். யார் தோட்டத்தில் பெய்தது, எத்தனை அங்குலம் பெய்தது என்பதுதான் டீக்கடை முதல் கோயில் வாசல் வரை விசாரிப்பு. பக்கத்து மலையில் கொட்டித் தீர்த்த மழை தன் தோட்டத்தை எட்டிப் பார்க்காமல் போனால், அந்த வீட்டின் அடுத்த ஒரு வருட வரவு செலவே மாறிவிடும்.

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகாவில் இருக்கிறது தாண்டிக்குடி. கொடைக்கானல் ஏரியைப் பார்க்கப் போகும் கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. முருகன் இங்கிருந்துதான் பழனி மலைக்குத் தாண்டிக் குதித்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்பது ஊர் சொல்லும் கதை. உச்சியில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் இரும்புக்கால மனிதர்கள் விட்டுச் சென்ற கல்திட்டைகள் இருக்கின்றன. மிச்சமெல்லாம் காபி.

வெயிலில் வரிசையாக நிற்கும் தேயிலைத் தோட்டம் போல இதைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். காபித் தோட்டம் தூரத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரியேதான் இருக்கும். மேலே சில்வர் ஓக்கும் பலாவும் கல்யாண முருங்கையும் நிழல் தர, அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நடுவில் வாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். இவ்வளவுக்கும் கீழேதான் அரபிகா காபிச் செடி நிற்கும்.

மழையைப் பற்றிய பதற்றத்துக்கு வருவோம். காபி மொட்டுகள் பனிக்காலம் முடியும்போதே தயாராகி, தூங்குவது போலக் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் விழிக்கும். மழை பெய்து எட்டு, பத்து நாளில் ஒரே நேரத்தில் மலை முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகை போன்ற வாசனை. பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு, மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். மழை தூறலோடு நின்றுவிட்டால் மொட்டு பாதி விழித்து, இளஞ்சிவப்பாகி, மலராமலே கருகிப்போகும். மழையே வராமல் இருப்பதைவிட இந்த அரைகுறைத் தூறலுக்குத்தான் விவசாயி அதிகம் பயப்படுகிறார். பூத்த பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழையும் வேண்டும், பிஞ்சு நிற்பதற்கு. கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவர்கள் தெளிப்பு நீர் பாய்ச்சிப் பூக்க வைத்துவிடுவார்கள். ஓரிரண்டு ஏக்கர்க்காரர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் வேண்டாத மழை

பூத்ததிலிருந்து பழுக்க எட்டு, ஒன்பது மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுவடை சரியாக நவம்பர், டிசம்பரில் வந்து விழுகிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம்! குடகுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பெருமழை ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து ஓய்ந்துவிடும், அறுவடை நேரத்தில் பெரும்பாலும் வெயில்தான். கீழ்மலையில் பழம் சிவக்கும்போதுதான் மேகம் திரள்கிறது. தொடர்ந்து நனைந்தால் பழுத்த பழம் வெடித்து மண்ணில் உதிரும்.

பறிப்பதும் ஒரே தடவையில் முடியாது. ஒரு கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்தே இருக்கும் என்பதால் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும், அதே செடிக்கு மூன்று, நான்கு முறை திரும்பி வர வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்கும் ஈரச் சரிவில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கடைசியில் உதிர்ந்து கிடப்பதையும் குனிந்து பொறுக்கியாக வேண்டும், விட்டுவைத்தால் அதில் காய்த்துளைப்பான் வண்டு பெருகி அடுத்த வருட விளைச்சலைத் தின்னும்.

பறித்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் விட்டுத் தோல் நீக்கி, வழுவழுப்புப் போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் ஒரு வாரம், பத்து நாள் காயவைத்தால் கிடைப்பது 'பார்ச்மென்ட்'. இதற்கு நல்ல விலை. இயந்திரமோ தண்ணீரோ இல்லாதவர்கள் பழத்தை அப்படியே காயவைத்து 'செர்ரி'யாக விற்கிறார்கள். விலை குறைவு, காய இன்னும் அதிக நாள் பிடிக்கும். இரண்டுக்கும் தேவை வெயில். நடுவில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் பூசணம் பூத்து வாசனை கெடும். ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் தேவை என்பதை நினைத்தால், அந்த மூன்று நாளின் மதிப்பு புரியும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடிவிட்டு மேற்கே நகர்ந்தபோது இந்த மலையையும் விடவில்லை. அறுவடை நேரத்தில் நிழல் மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன. டெல்டாவின் தென்னைகள் பற்றிய செய்தி நாடு முழுக்கப் போனது. மலைத் தோட்டங்களின் இழப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சாய்ந்த காபிச் செடியை மறுபடி நட்டால் மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும். நிழல் மரம் அப்படியல்ல. நிழல் குறைந்து வெயில் ஏறினால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு அரபிகாவைத் தேடி வரும். அது புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை.

முன்பு வாழை, அதற்கு முன்பு ஆரஞ்சு

ஒரு காலத்தில் இங்கே காபியைவிட விருப்பாச்சி வாழைக்குத்தான் மவுசு. புவிசார் குறியீடு பெற்ற இந்த மலைவாழைதான் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும். முடிக்கொத்து நோய் வந்து 1970-களில் வாழைத் தோட்டங்களைக் காலி செய்தது. கமலா ஆரஞ்சும் நோயில் மெலிந்தது. இரண்டும் முற்றாக அழியவில்லை, ஆனால் குடும்பத்தைத் தாங்கும் பயிராக மிஞ்சியது காபியும் மிளகும்தான். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், பக்கத்தில் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. தடியன்குடிசையில் உருவான பட்டர் ஃப்ரூட் ரகம் இப்போது பல தோட்டங்களில் காய்க்கிறது.

பலாவும் வாழையும் இருந்தால் யானையும் வரும். காட்டுமாடுகள் விடிகாலையில் தோட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பாக, எந்தத் தோட்டத்தில் மாடு நிற்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் பறிக்கப் போகிறார்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் தோட்டக்காரர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, இதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. பிரேசிலின் வறட்சி முக்கியக் காரணம். அந்த விலை உயர்வு கீழ்மலைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் மூட்டையில் காய்ந்த கொட்டை வைத்திருப்பவருக்குத்தானே விலை? அவசரச் செலவுக்காகச் செடியிலிருந்து இறக்கிய பழத்தை அன்றைக்கே எடைபோட்டு விற்றவருக்கு அதில் கொஞ்சம்தான் கிடைக்கும்.

வாகனம் போகாத தோட்டங்களிலிருந்து மூட்டைகள் இன்றும் குதிரை முதுகில் சாலைக்கு வருகின்றன. பிறகு லாரியில் ஏறி அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி போன்ற ஊர்களின் கியூரிங் ஆலைகளுக்குப் போய், மேலோடு நீங்கி, தரம் பிரிந்து கடைக்கு வருகின்றன. சென்னை தி.நகர் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனார் இந்தப் பட்டிவீரன்பட்டிக்காரர்தான்.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாக ஏறலாம். பூ பார்க்கத் தேதி குறிக்க முடியாது, மழை பெய்ததா என்று விசாரித்து ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள். பழம் பார்க்க டிசம்பர், ஜனவரி. களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தால் அதை மிதித்து செல்ஃபி எடுக்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால், வறுக்காத கொட்டையாகக் கேளுங்கள். ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, வேண்டும்போது வறுத்து அரைத்துக்கொள்ளலாம். சிக்கரி சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.